மிளகியின் பத்தியம்

எங்கள் உத்திரமேரூரில் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் வழக்கம் கிடையாது. மாட்டுக்குப் பார்ப்போம், ஆட்டுக்குப் பார்ப்போம். பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் அது எங்கேயாவது போய்ப் படுத்துத் தானாகத் தேறி வரும், அல்லது வராது. அப்படிப்பட்ட ஊரில் ஏரிக்கரைத் தெரு சடையப்பன் ஒரு பூனையைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு, சினை பார்க்க வந்த மாடுகளுக்கு நடுவில் கால்நடை மருந்தகத்து வாசலில் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்தோம். வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்துவிட்ட இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. ஆனாலும் சடையப்பன் பூனையோடு நிற்பதை டிவியில் காட்ட மாட்டார்களே.

சடையப்பன் பூனை வளர்க்கிற ஜாதி மனுஷரும் இல்லை. ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம், யாரோடும் அதிகம் பேசாத வாய், பேசினால் வெட்டிப் போடுகிற பேச்சு. பூனை அவர் மனைவி ஆண்டாளம்மாளுடையது. வெள்ளை உடம்பில் மிளகை உடைத்துத் தூவியதைப் போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்ததால் மிளகி என்று அந்த அம்மாள் பெயர் வைத்திருந்தார். ஆண்டாளம்மாள் இருந்தவரை சடையப்பன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் நடப்பார். அந்த அம்மாள் போன பிறகு அது சடையப்பன் கட்டிலின் கால்மாட்டில் வந்து படுக்க ஆரம்பித்தது. இவரும் விரட்டவில்லை.

ஆண்டாளம்மாள் போனது கிட்னி கெட்டு. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் உப்பு கூடாது, மீன் கூடாது, அது கூடாது, இது கூடாது என்று ஒரு பெரிய பத்தியம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பல மாதம் அந்த அம்மாள் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். கடைசி வாரத்தில் ஒருநாள் விரால் மீன் குழம்பு வேண்டும் என்று கேட்டார். சடையப்பன் வாங்கி வந்து, தானே வைத்து, தானே முள் எடுத்து ஊட்டினார். அடுத்த சில நாளில் ஆண்டாளம்மாள் போய்ச் சேர்ந்தார். ஐயங்கார்குளத்திலிருந்து வந்த சடையப்பனின் தங்கை பச்சையம்மாள், பிணத்தின் மேல் விழுந்து அழும்போது, "பத்தியத்த ஒடச்சி மீன குடுத்து அனுப்பி வெச்சிட்டியே ணா" என்று சொல்லி அழுதாள். சாவு வீட்டில் அழுகிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள், பச்சையம்மாளே மறுநாள் அதை மறந்திருப்பாள். சடையப்பன் மறக்கவில்லை.

இந்த நிலையில்தான் மிளகிக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தட்டருகே ஓடி வரும், ஒரு வாய் கவ்வும், கத்திக்கொண்டு பின்வாங்கும்.

மருந்தகத்து டாக்டர் தமிழரசன் இளவயது, செஞ்சிப் பக்கத்துக்காரர். துண்டால் பூனையைச் சுற்றி வாயைத் திறந்து பார்த்தார். ஈறு முழுக்கப் பச்சைப் புண்ணாகச் சிவந்து, தொண்டை வரைக்கும் போயிருந்தது. கிருமியைத் தாக்குவதற்காக உடம்பில் இருக்கிற காவல், கிருமியை விட்டுவிட்டுத் தன் ஈற்றையே தாக்கிக்கொண்டிருந்தது. பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டால் பாதிக்கு மேல் பூனைகள் தேறிவிடும் என்றார். மெட்ராசுக்குக் கொண்டுபோய்ப் பிடுங்கினார்கள். மிளகி தேறாத கணக்கில் சேர்ந்தது.

தமிழரசனோடு படித்த மார்த்தாள் என்ற பெண் மெட்ராசில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தாள். பூனையின் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து வளர்ப்பது அவள் வேலை. கல்லூரி நாட்களில் எலும்புக்கூட்டுக்குக்கூட 'நமஸ்காரம்' சொல்லிவிட்டு உட்காரும் பெண் என்று தமிழரசன் கேலி செய்வார். கொழுப்பிலிருந்து எடுத்த அந்தச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. வெறிபிடித்துத் தாக்குகிற காவல் செல்களை அவை அடக்கி உட்கார வைக்கும். மிளகியின் வாய்க்கு இது கேட்கலாம் என்று தமிழரசன் போன் போட்டார். மார்த்தாளுக்குக் கொழுப்புள்ள ஆரோக்கியமான பூனைகள் தேவைப்பட்டன. அதற்கும் தமிழரசன் வழி செய்தார். வாலாஜாபாத் ரைஸ் மில்களில் எலி தின்று கொழுத்த பூனைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் இலவசமாகச் செய்து, வெட்டி எறிய வேண்டிய கொழுப்பை ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ் ஏற்றிவிட்டார்.

மார்த்தாள் மருந்தோடு வந்த அன்று சடையப்பன் கேட்ட முதல் கேள்வி, "இது எந்த வூட்டு பூனையோட கொழுப்பு?" என்பது.

"வாலாஜாபாத் ரைஸ் மில்லு பூனைங்க" என்றார் தமிழரசன்.

"அப்ப நல்லா துன்ன பூனைதான்" என்று தலையாட்டினார். இரண்டாவதாக, "பத்தியம் எதுனா கீதா மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க. எப்பவும் குடுக்கறதையே குடுங்க" என்றாள் மார்த்தாள்.

முன்னங்கால் நரம்பில் ஊசி ஏறியது. சில நாளில் எச்சில் குறைந்தது. மிளகி வேகவைத்த மீனைப் பல்லில்லாத வாயால் மசித்துத் தின்றது. சடையப்பன் டீக்கடையில் உட்கார்ந்து யாரிடமும் சொல்லாமல் ஒரு டீ அதிகமாகக் குடித்தார். அது அவர் சந்தோஷத்தின் அளவு. அடுத்த மாதமே புண் திரும்பிவிட்டது. மீன் தட்டு அப்படியே கிடந்தது.

மார்த்தாள் இதை எதிர்பார்த்திருந்தாள். அவளுடைய உண்மையான ஆராய்ச்சியே அங்கேதான் தொடங்குகிறது. டப்பாவில் சொகுசாக வளர்கிற செல்கள் கொஞ்சம் சோம்பேறிகள். உடம்புக்குள் போய்ச் சண்டையைப் பார்த்து, புரிந்துகொண்டு, வேலையைத் தொடங்குவதற்குள் பாதிச் செல்கள் செத்துவிடும். அதனால் ஊசி போடுவதற்கு முன்பே டப்பாவில் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சேர்த்து ஊறவைப்பாள். இங்கே சண்டை நடக்கிறது என்று காவல் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதி அது. அதைக் கேட்ட செல்கள் உஷாராகி, அடக்குகிற சரக்கைப் பல மடங்கு சுரக்கத் தொடங்கும். பிறகு அந்தப் புரதத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டு ஊசியில் ஏற்றலாம்.

தமிழரசன் இதைச் சடையப்பனுக்கு அவர் பாஷையில் சொன்னார். "பஞ்சாயத்து பண்றவரு வூட்டுல தூங்கிக்கினு இருந்தா சண்டை அடங்குமா? சத்தம் அவரு காதுல வுழணும் இல்ல? மொத தபா தூங்கறவர அப்படியே அனுப்பிச்சோம். இந்த தபா சண்டை சத்தத்த கேக்க வெச்சே அனுப்பறோம்."

"அப்ப இது ஜாஸ்தி வீரியம்" என்றார் சடையப்பன்.

"அப்படித்தான் வெச்சிக்கங்க."

பத்தியம் உண்டா என்று இந்தமுறை அவர் கேட்கவில்லை. கேட்காததை இரண்டு டாக்டர்களும் கவனிக்கவில்லை. படித்தவர்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்வார்கள்.

அவர் கேட்காததற்குக் காரணம் இருந்தது. புண் திரும்பிய சமயத்தில் பச்சையம்மாள் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மருந்து குடுத்துட்டு கூடவே மீனயும் குடுத்தியா? பத்தியம் இல்லாத மருந்து இன்னா மருந்து ணா? தண்ணியில போட்ட மாரிதான்" என்றாள். அவள் பூனையைப் பற்றித்தான் பேசினாள். சடையப்பன் காதில் விழுந்தது வேறு. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இரண்டாவது ஊசி போட்ட மறுநாளிலிருந்து மிளகி ஆண்டாளம்மாளின் அறைக்குள் இருந்தது. கதவு சாத்தியே இருந்தது. மார்த்தாள் மெட்ராசிலிருந்து போன் செய்வாள்.

"சாப்பிடுதுங்களா?"

"இல்ல மா."

"சோறு வெக்கிறீங்களா?"

"வேளா வேளைக்கு வெக்கிறேன். மொகத்த திருப்பிக்கினு போவுது."

வாயைத் திறந்து பார்க்க வேண்டுமானால் மயக்க ஊசி போட வேண்டும். மெலிந்த பூனைக்கு மயக்கம் ஆபத்து. பல் பிடுங்கியதிலிருந்து பழகிய தமிழரசனையே அது வாய்ப்பக்கம் அண்டவிடாது, பல்லில்லாவிட்டாலும் நகம் இருந்தது. ஆகவே சாப்பிடுகிறதா என்பதைத்தான் அளவாக வைத்துக்கொண்டார்கள். முதல் ஊசிக்கு அந்த அளவு சரியாகத்தானே வேலை செய்தது? ஒருமுறை வந்து பார்த்தபோது எச்சில் ஒழுகவில்லை என்பதைத் தமிழரசன் கவனிக்கத்தான் செய்தார். காய்ந்துபோன உடம்பில் எச்சில் எங்கிருந்து வரும் என்று முடிவு கட்டிக்கொண்டார். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டதற்கு, "காத்து படக்கூடாது" என்றார் சடையப்பன். மனுஷன் எவ்வளவு பாசமாக இருக்கிறார் என்று தமிழரசனுக்கு மனசு இளகியது.

அவர் திரும்பிப் போகும் வழியில் சிட்டம்மாள் எதிரே வந்தாள். ஊர்க்கோடி இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். நடவு இல்லாத நாட்களில் மதகடியில் மீன் பிடித்துத் தெருவில் விற்பாள்.

"சார், அந்த வூட்டு பெரியவருக்கு இன்னா ஆச்சி? மீனு வாங்கறதே வுட்டுட்டாரு. பொடி மீனுகூட வாணாங்கறாரு. வாசப்பக்கமே வராதங்கறாரு."

"பூனைக்கு முடியல இல்ல, அந்தக் கவலை" என்றார் தமிழரசன். சிட்டம்மாள் பூனைக்காக மனுஷன் மீனை விடுவானா என்ற முகத்தோடு கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள்.

மிளகி நாளுக்கு நாள் சுருங்கியது. தூக்கினால் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. கடைசியில் தமிழரசன் சொல்லிவிட்டார். "இதுக்கு மேல வெச்சிக்கினு இருந்தா அதுக்குத்தான் கஷ்டம். மருந்து புடிக்கல. வலி தெரியாம ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடலாங்க."

"வெள்ளிக்கெழம வாணாம்" என்றார் சடையப்பன். "அவ வெளக்கேத்தற நாளு."

சனிக்கிழமை காலை மார்த்தாளும் வந்தாள். அவளுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. உஷார்ப்படுத்திய செல்கள் சாதாரணச் செல்களைவிட மோசம் என்றால், அவள் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்ததில் எங்கோ தப்பு இருக்க வேண்டும். கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. சடையப்பன் கூலியாள் வைக்காமல் தானே வெட்டியிருந்தார். மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

முதலில் மயக்க ஊசி, அது தூங்கியதும் அடுத்த ஊசி. அதுதான் முறை. மிளகி சடையப்பன் மடியிலேயே தூங்கிப்போயிற்று. அவர் அதன் நெற்றியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். தமிழரசன் இரண்டாவது ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"ஒரு நிமிஷம் தமிழ்" என்றாள் மார்த்தாள். "வாயை ஒரு தடவை பார்த்துக்கறேன். எதனால போச்சுன்னாவது தெரியணும்."

டார்ச்சை அடித்து வாயைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். டார்ச்சைத் தமிழரசனிடம் கொடுத்தாள். அவரும் பார்த்தார்.

ஈறு ரோஜா நிறத்தில் இருந்தது. பல் பிடுங்கிய இடங்களில் தோல் மூடி வழவழப்பாக இருந்தது. தொண்டை சுத்தம். எங்கும் ஒரு புண் இல்லை.

தமிழரசன் ஊசியைத் தட்டில் வைத்தார். மருந்து பலித்திருந்தது. பூனை பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது.

"ஐயா" என்றாள் மார்த்தாள். "இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"கஞ்சிதான்."

"என்ன கஞ்சி?"

"பத்தியக் கஞ்சி. பச்சரிசி நொய்யி, கொஞ்சம் பூண்டு தட்டிப் போட்டு. உப்பு இல்லாம. ராத்திரில மெளகு ரசம் வுட்டுக் கொழச்ச சோறு. ரெண்டு வாயி நக்கும், அப்பறம் தொடாது."

"மீன்?"

சடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மருந்து குடுத்துட்டு மீன் குடுப்பாங்களா? ஒரு தபா குடுத்து கெட்டது போதாதா? வெளிய போயி பல்லி கில்லி கவ்விடப்போவுதுன்னுதான் ரூமுல வெச்சேன்."

"பத்தியம் வேணாம்னு சொன்னேனுங்களே. இப்படிக் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"மருந்து உங்க வேல மா. பத்தியம் வூட்டு வேல. அத்த போயி உங்களாண்ட இன்னாத்துக்கு சொல்றது?"

அடுப்பங்கரையைப் பார்த்த மார்த்தாள் அங்கே ஒரே ஒரு சட்டி இருப்பதைக் கண்டாள். அதில் பாதி நொய்க் கஞ்சி இருந்தது. பக்கத்தில் பூனைத் தட்டு ஒன்றும் மனுஷத் தட்டு ஒன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"நீங்க என்ன சாப்பிடறீங்க?"

"அதேதான்."

"நீங்க எதுக்குங்க?"

"கைக்கொழந்தைக்கு மருந்து குடுத்தா தாய்க்காரி பத்தியம் இருக்கறதில்லயா?" என்றார் சடையப்பன், இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்பதைப் போல. "இதுக்கு யாரு கீறாங்க?"

எங்களில் பல பேர் அப்போது கொல்லை வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். பூனைக்காக மனுஷன் உப்பில்லாக் கஞ்சி குடித்தார் என்பது வேறு நாளாக இருந்தால் ஒரு மாதம் பேசிச் சிரிக்கக் கூடியது. அன்றைக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை.

தமிழரசன் மிளகிக்குத் தோலடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றிவிட்டு, ஆள் அனுப்பிச் சிட்டம்மாளை வரவழைத்தார். அவள் கூடையில் ஏரிக் கெண்டை இருந்தது. கொல்லையில் மூன்று செங்கல்லைக் கூட்டி அவளே வேகவைத்தாள். மயக்கம் தெளிய மதியம் ஆகிவிட்டது. மிளகி தள்ளாடி எழுந்து நின்றது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. மூக்கு முதலில் விழித்துக்கொண்டது.

"கொஞ்சமா வைங்க. காஞ்ச வயிறு" என்றார் தமிழரசன். சடையப்பன் ஒரு துண்டை எடுத்து முள் பார்த்து, விரலால் மசித்து வைத்தார். மிளகி முகர்ந்தது. நக்கியது. பிறகு தலையைத் தூக்காமல் தின்றது, தின்னும்போதே தொண்டைக்குள் உறுமிக்கொண்டது. தட்டு காலியானதும் அவர் விரலை நக்கியது.

மார்த்தாளின் முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. "ஒரு பூனையை வச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது தமிழ்" என்றாள் மெதுவாக. "சாப்பாட்டை அளவா வச்சதே தப்பாப் போச்சு. அடுத்த பூனைக்கு வாயைத்தான் பார்க்கணும்." பிறகு, "பத்தியம் இருக்கறீங்களான்னும் கேக்கணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சடையப்பன் இன்னும் தட்டுக்கு எதிரிலேயே குந்தியிருந்தார். கையைக்கூடக் கழுவவில்லை.

"மீனு துன்னா ஒண்ணும் ஆவறதில்ல" என்றார். கேள்வியா, சொல்லுகிறாரா என்று தெரியவில்லை.

"இதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள் மார்த்தாள்.

"மருந்து புடிச்சிதான் கீது. பத்தியந்தான் அத்த கொல்லப் பாத்துது."

"ஆமாங்க."

சடையப்பன் தலையைத் தூக்காமலே கேட்டார். "அப்ப ஆண்டாளுக்கு நானு குடுத்த மீனு?"

மார்த்தாளுக்கு முதலில் புரியவில்லை. தமிழரசன் அவள் காதோரம் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் சடையப்பன் வாயால் யாரும் கேட்டதில்லை. தமிழரசன், நான் மாட்டு டாக்டர், மனுஷர் விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். மார்த்தாள் அவரை முந்திக்கொண்டு, சடையப்பனுக்கு எதிரில் தரையில் குந்தினாள்.

"ஐயா, அவங்களுக்கு அந்தப் பத்தியம் வேணும்தான். ஆஸ்பத்திரியில சொன்னதுல தப்பில்ல. ஆனா கிட்னி மொத்தமும் போன அப்புறம் ஒரு வேளை மீனு எதையும் கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. அதை நீங்க குடுக்கலன்னாலும் அவங்க போயிருப்பாங்க. ஆசைப்பட்டது கிடைக்காம போயிருப்பாங்க, அவ்ளோதான்."

சடையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா துன்னா" என்றார். "மூணு துண்டு. மாசக்கணக்கா அப்படி துன்னதில்ல. முள்ள நாந்தான் எடுத்தேன். போதுமான்னு கேட்டேன். இன்னொரு துண்டு வையின்னா."

அதைச் சொல்லிவிட்டு அழுதார். மனைவி செத்த அன்று அழாதவர், மீன் வாடை அடிக்கிற கையை முகத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கிற எங்களையெல்லாம் பொருட்படுத்தாமல் அழுதார். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனோம். அதற்கு மேல் நிற்க எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

சிட்டம்மாள் மட்டும் போகவில்லை. அடுப்பில் இன்னும் மீன் இருந்தது. சடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் தன் தட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"எனக்கும் ரெண்டு துண்டு வையி" என்றார். "உப்பு போட்டு வையி."